மச்சம் இல்லாத முகம்

சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என்னிடம் முதுகலைத் தமிழ் படித்து இரண்டாண்டுகளுக்கு முன் தேர்ச்சி பெற்றுச் சென்ற மாணவி ஒருத்தி ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் தோல் உறை போட்ட கனமான ஆல்பம். அதைக் கூடத்து மேசைமேல் வைத்துவிட்டு, "பாத்துட்டு உண்மையைச் சொல்லுங்கம்மா" என்றாள். (தமிழ்த்துறைகளில் மட்டும் ஆசிரியைகளை இன்னும் 'அம்மா' என்கிறார்கள். மற்றத் துறைகளில் எல்லாம் 'மேம்' வந்து வெகுகாலம் ஆகிறது.)

இருபத்து நான்கு படங்கள். முதல் படத்தைப் பார்த்ததும் இவளுக்கு அக்காள் யாரும் இருக்கிறாளோ என்றுதான் நினைத்தேன். நிறம் கோதுமை மாவைப் போல வெளிறியிருந்தது. மூக்கின் இரு பக்கமும் ஏதோ செய்து அதை ஒடுக்கியிருந்தார்கள். கண்மணிகள் சாம்பல் நிறத்தில் இருந்தன. இடக் கன்னத்தில், கண்ணுக்குச் சற்றுக் கீழே அவளுக்கு ஒரு மச்சம் உண்டு. வகுப்பில் முதல் நாளே எனக்கு அவளை அடையாளம் வைத்துக்கொள்ள உதவியது அதுதான். இருபத்து நான்கு படங்களில் ஒன்றில்கூட அந்த மச்சம் இல்லை. ஆல்பத்துக்கு முப்பத்தைந்தாயிரம் ரூபாய். செய்யாற்றில் அவள் அம்மா வளையலை அடகு வைத்து அனுப்பிய பணம்.

அந்த ஆல்பத்திலிருந்து சில படங்களைப் பார்த்துவிட்டு சாலிகிராமத்தில் ஒரு படக் கம்பெனியிலிருந்து அவளை அழைத்திருக்கிறார்கள். கதாநாயகியின் பணக்காரத் தோழி வேடம். உதவி இயக்குநர் படத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "ஏம்மா, இது நீங்களா?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார் என்று அவளே சொன்னாள். பிறகு வழக்கமான பதில்: "சரிம்மா, கூப்பிடுறோம்." அதே படத்தில் கிராமத்துச் செவிலியாக ஒரு வேடம் இருந்ததும், அதற்குப் பல நாட்கள் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பதும் பின்னால் தெரிந்தவர் ஒருவர் வழியாக இவள் காதுக்கு வந்தது. பேருந்தில் வந்திறங்கும் இவளுடைய சொந்த முகம் அந்த வேடத்துக்காகவே அமைந்தது போன்றது. ஆனால் ஆல்பத்தில் இருந்தவளைப் பார்த்து யாருக்குச் செவிலி நினைவு வரும்? படத்தில் இருந்தவளுக்காக அழைத்தார்கள், அவள் வரவில்லை. வந்தவளுக்கு உரிய வேடம் இருந்தது, அவளை அழைக்க வழியில்லை.

இதில் என் பங்கும் ஒன்று உண்டு. ஓராண்டுக்கு முன் அவள் என்னிடம் தொலைபேசியில் யோசனை கேட்டபோது, "நல்ல ஸ்டூடியோவாப் பாத்து எடும்மா, காசைப் பாக்காதே" என்று சொன்னவள் நான்தான். நல்ல ஸ்டூடியோ என்றால் என்ன என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

இலக்கியம் பேசும் இடத்தில் போட்டோ பிடிப்பதைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். ஒரு முகத்தை எப்படி வாசிப்பது, அதை எவ்வாறு வாசிக்கும்படி முன்வைப்பது என்பது நம் கேள்வியும்தான். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலை முடிக்கும் இடத்தில், கண்ணாலும் செவியாலும் திண்ணமாக உணரத் தெரிந்தவர்களுக்கே மெய்ப்பாட்டின் பொருள் பிடிபடும், மற்றவர்களுக்கு அது எண்ணிப் பார்க்கவும் அரியது என்ற கருத்தைச் சொல்லிவைக்கிறார். நடிப்பு வாய்ப்புக்காகக் கொடுக்கும் புகைப்படம் அப்படி உணரத் தெரிந்த ஒருவரின் கண்ணுக்காக எடுக்கப்படுவது. அவர் தேடுவது அழகை அல்ல. நகையும் அழுகையும் இளிவரலும் அச்சமும் வந்து தங்க இந்த முகத்தில் இடமிருக்கிறதா என்று தேடுகிறார். துடைத்து மெழுகிய முகத்தில் அந்த இடம் இருப்பதில்லை.

எங்கள் வீட்டிலிருந்து அடையாறு போகும் வழியில், துர்காபாய் தேஷ்முக் சாலையில் சிவாஜி கணேசன் மணிமண்டபம் இருக்கிறது. 2017 அக்டோபர் முதல் நாள், அவர் பிறந்தநாளன்று, திறந்தார்கள். கடற்கரைச் சாலையில் நின்றிருந்த சிலையும் அந்த ஆண்டு இங்கேதான் வந்து சேர்ந்தது. அருகிலேயே எம்.ஜி.ஆரின் சத்யா ஸ்டூடியோ இருந்த வளாகம். இன்று அங்கே அவர் பெயரையும் ஜானகி அம்மையார் பெயரையும் தாங்கிய மகளிர் கல்லூரி நடக்கிறது. ஒரு காலத்தில் வாய்ப்புக் கேட்டு வாசலில் ஆட்கள் நின்ற இடத்தில் இன்று பெண்கள் தேர்வு எழுதுகிறார்கள். நல்ல மாற்றம்தான். அந்தச் சாலையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு வரும் யோசனை ஒன்று: அந்தத் தலைமுறையில் எவராவது ஒரு புகைப்படத்தை நம்பி நடிகராக வந்தார்களா?

'பராசக்தி' (1952) கதை பலருக்கும் தெரிந்ததுதான். படப்பிடிப்பு கொஞ்சம் நடந்த பிறகும் மெய்யப்பச் செட்டியாருக்குக் கணேசன்மேல் நம்பிக்கை வரவில்லை. பையன் மெலிந்திருக்கிறான், வேறு ஆளைப் போடலாம் என்ற பேச்சு எழுந்தது. பி.ஏ. பெருமாள் விடவில்லை. காரணம், அவர் கணேசனை மேடையில் பார்த்திருந்தார். ஒட்டிய கன்னமும் மெலிந்த தோளும் உள்ள ஓர் இளைஞனின் புகைப்படத்தை மட்டும் பெருமாள் பார்த்திருந்தால் அவ்வளவு பிடிவாதமாக நின்றிருப்பாரா என்பது சந்தேகமே. நாகேஷையும் எடுத்துக்கொள்ளலாம். அம்மைத் தழும்பு விழுந்த முகம், ஒடிசலான உடம்பு. வயிற்றுவலிக்காரராக மேடையில் அவர் துடித்ததைப் பார்த்து எம்.ஜி.ஆர். பாராட்டியதை நாகேஷே சொல்லியிருக்கிறார். ரயில்வே வேலை, வாய்ப்புத் தேடும் நண்பர்களோடு தியாகராய நகரில் அறைவாசம், நாடகங்கள், பாலசந்தர், 1964இல் 'சர்வர் சுந்தரம்'. ஓட்டல் சர்வர் ஒருவன் நடிகனாகும் கதையில் நடிக்க அந்த முகத்தைவிடப் பொருத்தமான முகம் வேறு எது? அந்தத் தழும்புகளை யாரும் துடைக்கவில்லை. அவை திரையில் வந்தன. நாம் சில நிமிடங்களில் அவற்றை மறந்தோம்.

அன்று நாடக மேடைதான் நடிகரின் அறிமுகப் படமாக இருந்தது. பாய்ஸ் கம்பெனிகள், பிறகு மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வாரந்தோறும் நாடகம் போட்ட சபாக்கள். இயக்குநர்கள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து ஆளை முழுசாகப் பார்த்தார்கள். நடை, குரல், வியர்வை எல்லாவற்றோடும். பாலசந்தரே அந்த மேடையிலிருந்து வந்தவர். சபா நாடகம் தேய்ந்தபோது அந்த முதல் பார்வைக்கு வேறு வழி தேவைப்பட்டது. கவரில் போட்ட புகைப்படம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. "போட்டோ குடுத்துட்டுப் போங்க" என்பது கோடம்பாக்கத்தின் வாசல் மொழியாக ஆனதற்கு இதுவே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை போன்ற சில இடங்கள் மட்டும் பழைய வழியைத் திறந்து வைத்திருந்தன. பசுபதியும் கலைராணியும் குரு சோமசுந்தரமும் அந்த வழியில் வந்தவர்கள்.

மேலைநாடுகளில் இந்த வழக்கத்துக்கு முன்பே ஓர் ஒழுங்கு கிடைத்துவிட்டது. இங்கிலாந்தில் 'ஸ்பாட்லைட்' என்னும் நடிகர் விவரத்தொகுப்பு 1927இலேயே வெளிவரத் தொடங்கியது. அமெரிக்கத் திரைப்பட அகாதமி தன் நடிகர் கையேட்டை 1937இல் தொடங்கியது. எட்டுக்குப் பத்து அங்குலத்தில் தோளுக்கு மேலான ஒரு படம், பின்னால் விவரம் என்பது அங்கே காலப்போக்கில் எழுதாத விதியாக ஆனது. நம்மிடம் அப்படி ஒரு கையேடும் இல்லை, விதியும் இல்லை. ஸ்டில்ஸ் என்ற சொல்லையே பெயருக்கு முன்னால் பட்டம்போல் சூடிக்கொண்ட தேர்ந்த கலைஞர்கள் நம்மிடையே உண்டு. ஆனால் அவர்கள் படமெடுத்தது ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவர்களை. பிலிம் நியூஸ் ஆனந்தனின் வரலாறே 'நாடோடி மன்னன்' (1958) படத்தின் ஸ்டில்களைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததில் தொடங்குகிறது. வாசலுக்கு வெளியே நிற்பவர்களை யார் எடுத்தார்கள்? கல்யாண போட்டோ எடுப்பவர்கள் எடுத்தார்கள்.

இங்கேதான் சிக்கல். நம் ஊர் ஸ்டூடியோக்காரர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் தலைமுறை தலைமுறையாக அவர்கள் கை பழகியது ஒரே ஒரு வேலைக்கு: பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்பும் படம். அந்தப் படத்தின் இலக்கணம் வேறு. அதில் பெண் சிவப்பாக இருக்கவேண்டும், மறு இருக்கக் கூடாது, யாரையும் தொந்தரவு செய்யாத புன்னகை ஒன்று வேண்டும். கறுப்புவெள்ளைக் காலத்தில் நெகட்டிவின்மேல் பென்சிலால் 'டச்சிங்' செய்தார்கள். இன்று அதே வேலையைக் கணினியில் செய்கிறார்கள். கை மாறியது, கண் மாறவில்லை. என் மாணவியின் ஆல்பத்தை மறுபடி புரட்டியபோதுதான் எனக்கு இது உறைத்தது. உடைகள் நவீனம், நிற்கும் தோரணை விளம்பரப் படத்தினுடையது, ஆனால் இருபத்து நான்கும் பெண் பார்க்க அனுப்பும் படங்களே.

நிறத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். அவளை ஏன் அவ்வளவு வெளுக்க வைத்தார்கள் என்று, மாடி வீட்டில் இருக்கும் இளைஞரிடம் கேட்டேன். விளம்பரங்களுக்குப் படமெடுக்கும் தொழிலில் இருப்பவர். அவர் சொன்ன விளக்கம் எனக்குப் புதிது. கேமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பல் வண்ணமாக்கவே முயலுமாம். பின்னால் வெள்ளைத் திரை, உடம்பில் வெள்ளை உடை என்று வைத்துவிட்டால் அவ்வளவு வெள்ளையையும் அடக்க அது ஒளியைக் குறைக்கும். அதனால் முகம் இருக்கவேண்டியதைவிடக் கருத்து விழும். பிறகு கணினியில் முகத்தை மட்டும் தூக்குவார்கள். அப்படித் தூக்கும்போது கன்னத்தின் மேடுபள்ளமும் தோலின் இழையும் போய்விடும், மாவு பூசியது போல ஆகிவிடும். ஆக, அவள் கருத்து விழுந்ததற்குக் காரணம் அவள் நிறம் அல்ல, பின்னால் தொங்கிய வெள்ளைத் திரை. முகத்துக்கு அளந்து ஒளி வைத்து, பின்னால் மங்கிய பச்சையோ மண் நிறமோ இருந்தால் துடைக்கவேண்டிய தேவையே வருவதில்லை.

இந்தக் கோளாறு நம் ஊரில் மட்டும் பிறந்ததும் அல்ல. வண்ணப் படச்சுருள் பரவிய காலத்தில் அச்சிடும் கூடங்களுக்குக் கோடாக் நிறுவனம் அனுப்பிய அளவுகோல் படங்களில் இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் முகம். 'ஷெர்லி அட்டை' என்பார்கள். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. கறுத்த தோலின் சாயல்கள் அந்தக் கணக்கில் நெடுங்காலம் சேரவில்லை. இன்றைய கைபேசிகள் பலவற்றில் யாரும் கேட்காமலே முகத்தை வழவழப்பாக்கும் ஏற்பாடு இருப்பதையும், நாலு செல்ஃபியைக் கொடுத்தால் கோட்டு சூட்டோடு புதுமுகம் செய்து தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளையும் அதே வரிசையில்தான் வைக்கவேண்டும்.

இதற்கு எதிரான கண் ஒன்று தமிழ்த் திரையிலேயே இருந்தது. மட்டக்களப்பில் பிறந்து, புனேயில் பயின்று வந்த பாலு மகேந்திரா. கிடைக்கும் வெளிச்சத்தில், பூச்சு இல்லாமல், கறுத்த பெண்களின் முகத்தை அவர் எடுத்ததுபோல் அதற்கு முன் இங்கே யாரும் எடுக்கவில்லை என்று துணிந்து சொல்வேன். 'அழியாத கோலங்க'ளில் (1979) ஷோபா, 'வீடு' (1988) படத்தில் அர்ச்சனா. 'வீடு' பார்க்கும்போது அர்ச்சனாவின் நெற்றி வியர்வை நமக்குத் தெரிகிறது. அந்த வியர்வையில்தான் கதையே இருக்கிறது. ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்த அசோகமித்திரன் அங்கிருந்த ஒப்பனை அறையைப் பற்றி எழுதியிருப்பதை நினைத்துப் பார்க்கலாம். பார்க்கச் சகிக்கும் முகத்தோடு உள்ளே போகிறவரைப் பான்கேக்கை அப்பி விகாரமாக்கி வெளியே அனுப்பும் அறை அது. அன்றைய விளக்குகளுக்கு அந்தப் பூச்சு ஓரளவு தேவைப்பட்டிருக்கலாம். இன்றைய கேமராவுக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

விஜய் சேதுபதி கூத்துப்பட்டறையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த கதை தெரிந்ததுதான். படத்துக்கு ஏற்ற முகம் உனக்கு என்று அவரிடம் சொன்னவர் பாலு மகேந்திரா. அந்த முகத்தை அன்றைய எந்த ஸ்டூடியோவிலாவது கொண்டுபோய் நிறுத்தியிருந்தால் எதையெல்லாம் திருத்தியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதைத் தட்டிக் கழிக்க முடியாது. என் மாணவியே கேட்டாள்: "ஹீரோயின்னா வடக்கேருந்து வெள்ளையா ஒருத்தரத்தானம்மா கூட்டிட்டு வர்றாங்க? அப்புறம் ஸ்டூடியோக்காரரக் குத்தம் சொல்லி என்ன?" நியாயமான கேள்வி. தமிழ் பேசத் தெரிந்த, கறுத்த பெண்ணுக்குக் கதாநாயகி இடம் எளிதில் கிடைப்பதில்லை. தன் நிறத்தைச் சொல்லித் தன்னை ஒதுக்கியதைப் பற்றி ஐஸ்வர்யா ராஜேஷ் பொதுமேடையிலேயே பேசியிருக்கிறார். ஆனால் வெளுக்க வைத்த புகைப்படம் அந்தக் கதவைத் திறந்துவிடுமா என்று கேட்டால், திறக்காது. வாசல்வரை கொண்டுபோய் விட்டு, "இது நீங்களா?" என்ற கேள்வியை வாங்கிக் கொடுக்கும், அவ்வளவே. மறுபுறம், 'காக்கா முட்டை' (2015), 'பரியேறும் பெருமாள்' (2018) போன்ற படங்களுக்குப் பிறகு, சேரியிலும் கிராமத்திலும் அலுவலகத்திலும் பார்க்கக்கூடிய முகங்களைத் தேடுகிற இயக்குநர்கள் எண்ணிக்கையில் கூடியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவையான முகத்தை வைத்துக்கொண்டே, தேவைப்படாத முகத்தை நாம் முப்பத்தைந்தாயிரம் கொடுத்து வாங்கி அனுப்புகிறோம். என் வருத்தம் இதுதான்.

அந்த ஞாயிறன்றே மாடி வீட்டு இளைஞரைக் கேட்டு வேறு படங்கள் எடுத்தோம். எங்கள் மாடிப்படி திரும்பும் இடத்தில் வடக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று இருக்கிறது. நேர் வெயில் விழாது, வானத்து வெளிச்சம் மட்டும் வரும். சென்னை வெயிலில் ஒன்பது மணிக்குமேல் வெளியே நிறுத்தினால் கண்குழி இரண்டும் கறுத்துவிடும் என்றார். மாதவி ஆடிய அரங்கை இளங்கோவடிகள் விவரிக்கும்போது, தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்குகளை வைத்ததைக் கவனமாகக் குறிப்பிடுவார். அதைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஒளி எங்கிருந்து வருகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தப் படிக்கட்டில்தான் எனக்குப் புரிந்தது. எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மகோல் அட்டையைச் சாய்த்து வைத்து நிழலை லேசாக்கினார். கண்ணுக்குள் ஜன்னலின் சிறு பிம்பம் ஒன்று ஒளிப்புள்ளியாக விழுந்தது. அது இல்லாவிட்டால் படத்தில் கண் செத்துக்கிடக்கும் என்றார்.

இன்னும் சில சொன்னார். எண்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ், ஆறடி தள்ளி நின்று எடுக்கவேண்டும். கைபேசியை முகத்தருகே பிடித்து எடுத்தால் மூக்கு பெருத்துக் காது பின்னால் போய்விடும். பல பெண்கள் தம் மூக்கைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கியதே செல்ஃபிக்குப் பிறகுதான் என்பது அவர் கருத்து. எனக்கும் அப்படித்தான் படுகிறது. உடையில் எழுத்தோ கட்டமோ பளபளப்போ வேண்டாம், ஒரே நிறம் போதும். அவள் வந்திருந்த கரும்பச்சைச் சுடிதாரே சரியாக இருந்தது. முகப்பூச்சு இல்லை. கைக்குட்டையால் எண்ணெய்ப்பசையை ஒற்றி எடுத்தாள், அவ்வளவே. முதல் முப்பது படங்கள் விறைப்பாகவே வந்தன. பிறகு நான் குறுக்கிட்டு, கல்லூரி விழாவில் அவள் நடித்த இன்குலாபின் 'ஔவை' நாடகத்திலிருந்து நினைவிருப்பதைச் சொல்லச் சொன்னேன். கே.பி. சுந்தராம்பாள் நடித்த 1953ஆம் ஆண்டுப் படத்துக்குப் பிறகு தமிழர் மனத்தில் ஔவை என்றால் கோலூன்றிய கிழவிதான். இன்குலாப் அந்தப் படத்தைத் துடைத்துவிட்டு, ஊர் ஊராகப் பாடித் திரிந்த சங்ககாலத்துப் பாணர்குலத்து இளம்பெண்ணை மீட்டெடுத்தார். இவள் அதைச் சொல்லி முடித்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நான் ஏதாவது சொல்வேனா என்று காத்திருந்த அந்தக் கணத்தில் எடுத்த படம்தான் நல்ல படம். பேசும்போது எடுத்தவை எதுவும் தேறவில்லை.

மொத்தத்தில் நான்கு படங்களைத் தேர்ந்தெடுத்தோம். நெருங்கி எடுத்தவை இரண்டு, ஒன்று சிரிப்போடு, ஒன்று சிரிப்பில்லாமல். இடுப்புவரை ஒன்று, முழு உருவம் ஒன்று. இருபத்து நான்கு படத்தைப் புரட்டிப் பார்க்க எந்தக் கம்பெனியிலும் யாருக்கும் பொறுமை இல்லை. இப்போது முக்கால்வாசி வாட்ஸ்அப்பில்தான் போகின்றன, கைபேசித் திரையில் விரலகலத்தில் தெரிகிற படத்தில் கண் தெரிந்தால்தான் அடுத்த பேச்சு. முடி வெட்டினாலோ உடம்பு இளைத்தாலோ பெருத்தாலோ புதிதாக எடுக்கவேண்டும். பின்னால் எழுதவேண்டிய விவரத்தில் உயரம், தெரிந்த மொழிகள் என்பதோடு, 'செய்யாற்றுப் பேச்சு வழக்கு, சிலம்பம் தெரியும்' என்று சேர்க்கச் சொன்னேன். பழைய ஆல்பத்தில் ஊரையே மறைத்து 'சென்னை' என்று போட்டிருந்தாள். வட்டார வழக்கை நாவலில் போற்றுகிறோம், அது வாயில் வாழும் பெண்ணோ அதை ஒளித்துவைக்கிறாள்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வேடம் தருகிறோம், முதலில் எங்கள் ஸ்டூடியோவில் ஆல்பம் எடுக்கவேண்டும், பதிவுக் கட்டணம் கட்டவேண்டும் என்று கேட்பவர்களிடமிருந்து எழுந்து வந்துவிடவேண்டும். நடிக்கக் கூப்பிடுகிறவர் பணம் தரவேண்டியவரே தவிர வாங்கவேண்டியவர் அல்லர். படமெடுக்கப் பெண்கள் தனியே போகவேண்டாம் என்பதையும் சொல்லவேண்டியிருக்கிறது. 2024 ஆகஸ்டில் கேரள அரசு வெளியிட்ட ஹேமா குழு அறிக்கையைப் படித்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. இதைச் சொல்லும்போது பெண்கள்தாம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டுமா என்ற எரிச்சல் எனக்கே வருகிறது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தெரிந்தவர் வீட்டுப் படிக்கட்டும் தெரிந்தவர் கேமராவும் எல்லோருக்கும் வாய்க்காது என்பதும் உண்மை. அப்படி வாய்க்காதவர்கள் ஸ்டூடியோவுக்கே போகட்டும். போனதும் முதலில் ஒன்றைச் சொல்லட்டும்: "டச்சிங் வேணாம், நான் எப்படி இருக்கேனோ அப்படியே வேணும்." இதைக் கேட்டுச் சில ஸ்டூடியோக்காரர்களுக்கு மனக்கஷ்டம் வரும். கூடுதலாகச் செய்து கொடுப்பதுதான் தொழில் தர்மம் என்று அவர்கள் நம்புகிறார்கள்.

என் மாணவி போன வாரம் பேசினாள். புதிய படங்களைப் பார்த்துவிட்டு மூன்று இடங்களில் அழைத்திருக்கிறார்கள். இரண்டு இடங்களில் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது இடத்தில் ஒரு காட்சியை நடிக்கவைத்துப் பதிவுசெய்திருக்கிறார்கள், பதில் இன்னும் வரவில்லை. "ஆனா யாரும் இது நீங்களான்னு கேக்கலம்மா" என்றாள்.

முப்பத்தைந்தாயிரம் ரூபாய் ஆல்பம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். செய்யாற்றுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அம்மா அதிலிருந்து ஒரு படத்தை உருவித் தரகரிடம் கொடுத்துவிட்டாராம். மாப்பிள்ளை வீட்டார் அடுத்த வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள்.